முதல் தர முழங்கை

வீரணனின் இடது முழங்கை முதல் தரமானது என்று போடி வட்டார பேடல் மேம்பாட்டுக் கழகம் சான்றிதழ் வழங்கிய அன்று, அந்தக் கையால் அவனால் சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியவில்லை. மனைவி சந்திரவல்லிதான் போட்டுவிட்டாள். போட்டுவிட்டு, கழகத்தைப் பற்றியும் அதன் நிர்வாகிகளைப் பெற்றவர்களைப் பற்றியும் அவள் சொன்னதை இங்கே எழுதுவதற்கில்லை.

வீரணன் ஜீப் ஓட்டிப் பிழைக்கிறவன். காலையில் போடியிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு, முந்தல் தாண்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற முத்துக்கிருஷ்ணனின் ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட வேண்டும். சாயங்காலம் கூட்டிவர வேண்டும். மெட்டிலிருந்து தோட்டத்துக்குப் போகிற மண் ரோட்டில் ஜீப்பைத் தவிர வேறு எதுவும் ஏறாது. ஜீப்பில் கியர் இருப்பது இடது கைப்பக்கம். வளைவுக்கு மூன்று தடவை மாற்றினாலும், ஏற இறங்க நூறு தடவைக்கு மேல் அந்தக் கை வேலை செய்தாக வேண்டும். அவனுடைய குடும்பம் அந்த ஒரு முழங்கையின் மேல்தான் நின்றது. இந்த விவரத்தைக் கழகத்துக்கு முன்கூட்டியே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை, பாவம்.

பேடல் என்றால் என்ன என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் போடியில் யாருக்கும் தெரியாது. ஏலக்காய் வியாபாரி முத்துக்கிருஷ்ணன் சரக்கு விஷயமாகத் துபாய் போனார். கொள்முதல்காரர்கள் அலுவலகத்தில் இல்லை. ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் நான்கு பேராக நின்று பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். இவர் மாதிரிப் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி கூண்டுக்கு வெளியே ஒன்றரை மணி நேரம் நின்றார். உள்ளே நிற்கிறவன் வாங்குகிறவன், வெளியே நிற்கிறவன் விற்கிறவன் என்கிற பாடத்தோடு ஊர் திரும்பினார். ஆறு மாதத்தில் அவர் சரக்கு அடுக்குகிற கிட்டங்கிக்குப் பின்னால், லாரி திருப்புகிற இடத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு எழுந்தது. அதற்கு மறுநாள் கழகம் எழுந்தது. ஆடத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாத அந்தக் கழகத்துக்கு நிர்வாகிகள் பதினொரு பேர்.

ஆட்டம் என்னவோ எளிதானதுதான். வலைக்கு இந்தப் பக்கம் இருவர், அந்தப் பக்கம் இருவர். பின்னால் கண்ணாடிச் சுவர், பக்கத்தில் கம்பி வலை. மட்டையில் நரம்பு கிடையாது. கனமான தட்டை மட்டை, முகமெல்லாம் துளைகள். பந்து தரையில் ஒருமுறை குதித்துக் கண்ணாடியில் மோதித் திரும்பி வந்தாலும் அடிக்கலாம். அதனால் ஓங்கி அடிக்கிறவனைவிட, திரும்பி வருவதற்குக் காத்திருக்கிறவன்தான் இதில் பிழைப்பான்.

வீரணன் இதற்குள் வந்து மாட்டியது தற்செயல். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்திலிருந்து லோடு இறக்க வந்தான். கூண்டுக்குள் தலைவர் முத்துக்கிருஷ்ணனும் வேறு இருவரும் நின்றிருந்தார்கள். நான்காவது ஆளுக்குக் கல்யாண வீடு.

"ஏப்பு வீரணா, சும்மா தான நிக்கிற? உள்ள வா" என்றார் தலைவர்.

"எனக்குத் தெரியாதுங்கய்யா."

"எங்களுக்கு மட்டும் தெரியுமா? வாடா வெரசா."

பந்துப் பெட்டியோடு இலவசமாக வந்த நீல மட்டை ஒன்று மூலையில் கிடந்தது. வட்ட முகம், லேசான எடை, அழுத்தினால் கொஞ்சம் உள்ளே போகிற நுரை. யாரும் சீந்தாத அந்த மட்டையை இடது கையில் வாங்கிக்கொண்டு வீரணன் வலது பக்கம் நின்றான். அன்று அவன் ஒரு பந்தைக்கூட ஓங்கி அடிக்கவில்லை. மலைரோட்டில் எதிரே பஸ் வந்தால் என்ன செய்வானோ அதையே செய்தான்: ஒதுங்கினான், போக விட்டான், பிறகு தன் பாட்டுக்குப் போனான். பந்து கண்ணாடியில் பட்டுத் திரும்பும்போது மட்டையைக் காட்டினான். வட்ட மட்டையில் எங்கே பட்டாலும் பந்து போக வேண்டிய இடத்துக்குப் போயிற்று. தலைவரின் பக்கம் ஆறுக்கு இரண்டு என்று ஜெயித்தது. அவர் அதுவரை எதிலும் ஜெயித்ததில்லை.

"நொட்டாங்கைக்காரன் வலப்பக்கம் நின்னா நடுவுல ஓட்டையே கெடையாதுடா!" என்று கத்தினார். "மலையடிவாரக் கோப்பைப் போட்டியில நீதான் எனக்கு ஜோடி."

முதலாளி சொன்னால் ஜீப்புக்காரன் மாட்டேன் என்று எப்படிச் சொல்வான்? தோட்டத்து நடை போய்விட்டால் ஜீப் வாசலில் நின்று துருப்பிடிக்க வேண்டியதுதான். அதுவுமில்லாமல், உள்ளதைச் சொல்ல வேண்டும், வீரணனுக்கு ஆட்டம் பிடித்துவிட்டது. அந்த நீல மட்டையை ஜீப்பிலேயே ஒரு துண்டில் சுற்றி வைத்துக்கொண்டான்.

இதெல்லாம் புது மட்டைகள் வந்து இறங்கும் வரைக்கும்தான்.

கோப்பைக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது பெட்டி வந்தது. பன்னிரண்டு மட்டைகள், பன்னிரண்டும் 'பவர்' ரகம். தலைவரின் மருமகன் ராஜ்கமல்தான் கழகத்தின் தொழில்நுட்பக் குழுத் தலைவர். கோயம்புத்தூரில் மூன்று நாள் பயிற்சி முடித்த சான்றிதழ் அவரிடம் உண்டு. அவர் ஒரு மட்டையை உயர்த்திப் பிடித்து, நிர்வாகிகளுக்கு விளக்கினார்.

"முகம் வைர வடிவம். எடை பூரா தலைப் பக்கம். உள்ள இருக்குற நுரை கெட்டி. மேல கார்பன், மணல் மாதிரி சொரசொரப்பு. வீசுனா சுத்தியல் எறங்குற மாதிரி எறங்கும். ஆனா ஒண்ணு மாமா. பந்து நல்லாப் படுற எடம் மேல, ரொம்பச் சின்னதா இருக்கும். அதுல படலேன்னா எங்கயாச்சும் போயிரும், கையும் அதிரும். நல்லாப் பழகுனவுக ஆடுற மட்டை."

"நல்ல எடம் சின்னதா இருக்குன்னா என்ன அர்த்தம் மாப்ளே?" என்றார் தலைவர்.

"கஷ்டம்னு அர்த்தம் மாமா."

"அரிதுன்னு அர்த்தம். அரிதானதுதான் ஒசந்த தரம். இந்த ஊருக்கு இதக்கூடவா வெளியூர்ல இருந்து வந்து சொல்லணும்?"

ராஜ்கமல் அந்த வீட்டில் பெண் எடுத்தவர். "அப்படியும் சொல்லலாம் மாமா" என்றார்.

போடியில் எந்தச் சரக்கு வந்தாலும் தரம் பார்க்காமல் உள்ளே எடுக்கிற வழக்கம் கிடையாது. நிர்வாகிகள் பதினொரு பேரும் ஏலக்காய்க்காரர்கள். அவர்களுக்குத் தெரிந்த தரம் மூன்று: லிட்டர் வெயிட், சல்லடை, நிறம். ஒரு லிட்டர் பாத்திரம் நிறையக் காயை அள்ளி நிறுத்தால் எடை எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்ல காய். சல்லடைத் துளையில் விழாமல் மேலே நிற்கிற காய் பெரிய காய். பச்சை அழுத்தமாக இருந்தால் முதல் தரம், கறுத்துப்போனால் கழிவு. தர நிர்ணயக் கூட்டம் காலை பத்து மணிக்குக் கூடியது.

மட்டைகளை லிட்டர் பாத்திரத்தில் அள்ள முடியாதாகையால் தண்ணீர் வாளியில் முக்கி, வழிந்த தண்ணீரை அளந்து, எடையை வகுத்தார்கள். பன்னிரண்டிலும் கனமானது முதலிடம் பெற்றது. அடுத்து சல்லடை. மட்டையில்தான் ஏற்கெனவே துளை இருக்கிறதே. கிட்டங்கியிலிருந்து எட்டு எம்.எம். காய் ஒரு படி வரவழைத்து ஒவ்வொரு மட்டையின் மேலும் கொட்டினார்கள். எல்லாக் காயும் விழுந்துவிட்டது. கூட்டத்தில் பெரிய சலசலப்பு. இவ்வளவு பெரிய காயையே நிறுத்தாத மட்டை பந்தை எப்படி நிறுத்தும் என்று பொருளாளர் கேட்டார். நிறுத்துவதற்கல்ல, அடிப்பதற்குத்தான் மட்டை என்று ராஜ்கமல் சொல்ல, அப்படியானால் விழவைப்பதே பலம் என்று குறித்துக்கொள்ளப்பட்டது.

நிறம்தான் சங்கடமாகப் போயிற்று. கார்பன் மட்டைகள் அத்தனையும் கறுப்பு. கறுப்புச் சரக்கை முதல் தரம் என்று எழுத எந்தப் போடிக்காரருக்கும் கை வராது. ஆகவே பச்சை பெயிண்ட் அடிக்க முடிவாயிற்று. காய்க்குப் பச்சை ஏற்றினால் குற்றம், மட்டைக்கு ஏற்றினால் குற்றம் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. இரண்டு கோட்டிங் அடித்ததில் பந்தைச் சுழற்றுவதற்காக வைத்திருந்த சொரசொரப்பு மூடிக்கொண்டது. ஒவ்வொரு மட்டையும் தலைப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் கனத்தது. கனத்தது நல்லதற்கே என்று தலைவர் மகிழ்ந்தார்.

கடைசியில், கழகச் செயலாளர் முனீஸ்வரன் ஒரு சட்டச் சிக்கலைக் கிளப்பினார். அவருக்கு விதிகள் முப்பத்தாறும் தலைகீழாகப் பாடம்.

"மாதிரி பாக்காம ஒப்புதல் குடுக்க விதியில எடமில்ல. உறுப்பினர் ஒவ்வொருத்தர் கையிலயும் மாதிரிப் பொட்டலம் போகணும். ஒடைச்சு, உள்ள பாத்து, மோந்து பாத்து, அப்பறந்தான் கையெழுத்து."

"புது மட்டைய ஒடைக்கவா சொல்றீக?" என்று ராஜ்கமல் பதறினார்.

"தரமானத ஒடைக்க வேணாம். தரங்கெட்டது எதாச்சும் கெடக்குதா?"

எல்லோரும் வாசலில் நின்ற ஜீப்பைப் பார்த்தார்கள். வீரணன் துண்டில் சுற்றிய மட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அய்யா, அது நல்ல மட்டைங்கய்யா. அதுலதான் நாம ஜெயிச்சோம்" என்றான்.

"எடை லேசு, எங்க பட்டாலும் ஒரே மாதிரி போகுது. அதுல என்னப்பா தரம் இருக்கு?" என்றார் தலைவர் அன்பாக. "கொண்டா இங்க."

மரம் அறுக்கிற ரம்பத்தால் நீல மட்டையைப் பதினொரு துண்டாக அறுத்தார்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தில், எண் ஒட்டப்பட்டு, உறுப்பினர்களுக்குப் போயிற்று. அவர்கள் நுரையைக் கிள்ளிப் பார்த்தார்கள், மோந்து பார்த்தார்கள், ஒருவர் கடித்தும் பார்த்தார். உள்ளே ஏலரிசி இல்லை, வெறும் சக்கை என்று ஒருமனதாக முடிவு செய்து, காய் ஏலம் விடுகிற கூடத்து வழக்கப்படி துண்டுகளைத் தரையில் வீசிவிட்டுக் காப்பி குடிக்கப் போனார்கள். வீரணன் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினான். எதற்குப் பொறுக்குகிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

அன்றே தீர்மானம் எண் பதினெட்டு நிறைவேறியது. கழக வீரர்கள் சான்றளிக்கப்பட்ட முதல் தர மட்டையால் மட்டுமே ஆட வேண்டும். தரம் பார்க்காத எதையும் கழக வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. தலைவர் நிறைவுரை ஆற்றினார்.

"சில பேர் சொல்றாக, ஆட்டத்துல பவர் முக்கியமில்ல, கட்டுப்பாடுதான் முக்கியம்னு. நான் கட்டுப்பாட்டுக்கு எதிரானவன் இல்ல. கட்டுப்பாடு மத்தவங்களுக்கு வேணும். நமக்கு வேண்டியது பவரு."

கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று.

பச்சை மட்டையைக் கையில் வாங்கிய முதல் நாளே வீரணனுக்குத் தெரிந்துவிட்டது, இது ஆகாது என்று. வீசினால் மட்டை கையை இழுத்துக்கொண்டு போயிற்று. நல்ல இடத்தில் பட்டால் பந்து பிய்த்துக்கொண்டு போனது உண்மைதான். ஆனால் பத்தில் ஒன்றுதான் அங்கே பட்டது. மிச்ச ஒன்பதில் அதிர்ச்சி மணிக்கட்டில் ஏறி முழங்கையில் போய் உட்கார்ந்தது. பத்தாம் நாள் மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்கு இழுக்கும்போது கண்ணில் பூச்சி பறந்தது. கைப்பிடியில் கொஞ்சம் மேலே தள்ளிப் பிடித்தால் கனம் குறைவதை அவனாகவே கண்டுபிடித்து இரண்டு நாள் தப்பித்தான். மூன்றாம் நாள் முனீஸ்வரன் பார்த்துவிட்டார். பிடியின் அடியில் வெள்ளைக்கோடு ஒன்று போடப்பட்டது. கோட்டுக்கு மேல் பிடிப்பது பவரை வீணடிக்கும் செயல் என்றும், ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது என்றும் சுற்றறிக்கை வந்தது.

"நாளைக்கு கை வெளங்காமப் போனா வளைவுல எவன் வந்து கியர் போடுவான், அந்த முனீஸ்வரனா?" என்று சந்திரவல்லி எண்ணெய் தேய்த்துவிட்டபடி கேட்டாள். "முடியாதுன்னு சொல்லிட்டு வாங்களேன்."

"சொன்னா நடை போயிரும்டி."

"சொல்லாட்டி கை போயிரும்."

இரண்டில் எது முதலில் போகும் என்று வீரணன் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான்.

ஜீப்பில் அவனுக்குப் பக்கத்தில், கியரை ஒட்டி எப்போதும் உட்காருகிறவள் அன்னக்கொடி. பத்து வருஷமாக அதே தோட்டத்தில் காயெடுக்கிறவள். ஒருநாள் ஒன்பதாவது வளைவில் அவன் பல்லைக் கடிப்பதைப் பார்த்து, "கையை எடுண்ணே, நான் போடுறேன்" என்றாள். அவன் கிளட்சை மிதித்து "ரெண்டு" என்றான். அவள் வலது கையால் பதவிசாகத் தள்ளினாள். எங்கும் கரகரவென்று சத்தம் வரவில்லை. எத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாளோ. அன்றிலிருந்து வீரணன் எண்ணைச் சொல்வதும் அன்னக்கொடி கியரைப் போடுவதுமாக ஜீப் ஏறி இறங்கியது. பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் முதல் இரண்டு நாள் குலசாமியைக் கூப்பிட்டார்கள். மூன்றாம் நாள் பழகிவிட்டது.

மலையடிவாரக் கோப்பையில் பக்கத்து ஊரான தேவாரத்து அணியோடு மோத வேண்டியிருந்தது. சின்ராசுவும் அவருடைய மச்சினனும் மக்காச்சோளம் போடுகிறவர்கள். பள்ளிக்கூடச் சுவரில் பந்தடித்துப் பழகியவர்கள். கையில் பழைய வட்ட மட்டை. அவற்றின் தரத்தைப் பார்த்துக் கழகத்தார் சிரித்தார்கள்.

தலைவர் ஓங்கி அடித்த முதல் பந்து மட்டையின் ஓரத்தில் பட்டு, கண்ணாடியைத் தாண்டி, கிட்டங்கிக் கூரையைத் தாண்டி, தெருவில் போன மாட்டு வண்டிக்குள் விழுந்தது. எதிர்த் தரப்புக்குப் புள்ளி. முனீஸ்வரன் நாடா பிடித்துத் தூரத்தை அளந்து, கழகச் சாதனை என்று புத்தகத்தில் ஏற்றினார். ஆட்டம் முடிவதற்குள் அந்தச் சாதனை ஏழு முறை முறியடிக்கப்பட்டது.

கூண்டுக்குள்ளேயே விழுந்த பந்துகள் இன்னும் மோசம். இவர்கள் எவ்வளவு வேகமாக அடித்தார்களோ, அவ்வளவு தூரம் கண்ணாடி அதைத் திருப்பி எடுத்து, சின்ராசுவுக்கு முன்னால் இடுப்பு உயரத்தில் வைத்தது. அவர் வலிக்காமல் தட்டி ஆளில்லாத மூலையில் போட்டார். வீரணன் ஒரு கட்டத்தில் வெள்ளைக்கோட்டுக்கு மேல் பிடித்து, உயரமாக நான்கு பந்து தூக்கிப் போட்டு ஒரு ஆட்டத்தை எடுத்தான். அதற்காக அவனுக்கு அங்கேயே எச்சரிக்கைக் கடிதம் வழங்கப்பட்டது. ஆறுக்கு ஒன்று, ஆறுக்குப் பூஜ்யம்.

"எப்பிடிண்ணே?" என்று முடிந்ததும் வீரணன் சின்ராசுவிடம் கேட்டான். அவனால் மட்டையைக் கீழே வைக்க முடியவில்லை, விரல் விரியவில்லை.

"எங்க பக்கம் ஆனை எறங்குனா யாரும் எதுத்து நிக்க மாட்டோம்ப்பா. போற போக்குல விட்டுட்டு, திரும்புறப்பதான் சத்தம் குடுக்குறது. பந்தும் அப்பிடித்தான். நீங்கதான் நல்லா வெரட்டி வெரட்டி அனுப்பி வச்சீகளே."

தோல்வி ஆய்வுக் கூட்டம் மூன்று மணி நேரம் நடந்தது. மட்டை முதல் தரம் என்பது ஏற்கெனவே நிறைவேறிய தீர்மானம். தலைவரைப் பற்றி ஆராய விதியில் இடமில்லை. மிச்சமிருந்தது வீரணனின் கை. அதைத் தரம் பார்ப்பது என்று முடிவாயிற்று.

வாளி வந்தது. முழங்கை வரைக்கும் முக்கச் சொல்லி, வழிந்த தண்ணீரை அளந்தார்கள். பிறகு ஏலக்காய்த் தராசில் கையை மட்டும் வைக்கச் சொன்னார்கள். ஆள் வெளியே, கை தட்டில். அவன் வலியில் சாய்ந்ததில் முள் எகிறியது. ராஜ்கமல் வகுத்துப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்படியொரு லிட்டர் வெயிட் எந்தச் சீசனிலும் எந்தத் தோட்டத்துக் காயிலும் வந்ததில்லை.

"அய்யா, தேனியில எலும்பு டாக்டர்ட்ட காட்டுனேன்" என்று வீரணன் சீட்டை நீட்டினான். "தசைநார் வீங்கியிருக்காம். ஒரு மாசம் மட்டையத் தொடக் கூடாதுன்னு எழுதியிருக்காரு."

முனீஸ்வரன் சீட்டை இரண்டு பக்கமும் பார்த்தார். "டாக்டரு லிட்டர் வெயிட் பாத்தாரா?"

"இல்லீங்க."

"தண்ணியில முக்குனாரா?"

"படம் எடுத்தாருங்க."

"படத்துல எடை தெரியாதேப்பா." சீட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "மட்டையும் முதல் தரம், கையும் முதல் தரம். ரெண்டு முதல் தரத்துக்கு நடுவுல வலி எங்கிட்டு இருந்து வரும்? தரச் சான்றிதழ்ல வலிங்கிற கட்டமே கெடையாது."

இப்படித்தான் வீரணனுக்குச் சான்றிதழ் கிடைத்தது. அதே கூட்டத்தில் இன்னொரு முடிவும் எடுத்தார்கள். தோல்விக்கு உண்மையான காரணம் போடியின் காற்று. அடர்த்தி அதிகமாக இருப்பதால் பவர் முழுதாக வெளிப்படவில்லை. மலைமேல் காற்று லேசு, பந்து இன்னும் வேகமாகப் போகும் என்று ராஜ்கமல் வாய்தவறிச் சொல்லிவிட்டார். மறுநாளே தோட்டத்தில் இரண்டாவது கூண்டு கட்ட இடம் பார்க்கத் தலைவர், செயலாளர், தொழில்நுட்பக் குழுத் தலைவர் மூவரும் வீரணனின் ஜீப்பில் புறப்பட்டார்கள்.

காலையில் முன் சீட்டில் தகராறு. கூலிக்கு வருகிற பொம்பளை தலைவருக்குப் பக்கத்தில் உட்காருவது கழக மரபா என்று முனீஸ்வரன் கேட்டார். அன்னக்கொடி இல்லாமல் வண்டி ஏறாது என்று வீரணன் சொல்லிவிட்டான். ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை, முந்தல் தாண்டுகிற வரைக்கும். நடுவில் அன்னக்கொடி, ஓரத்தில் தலைவர், பின்னால் மற்ற இருவர். தோட்டத்துப் பெண்களுக்கு அன்று தலைவர் லீவு விட்டிருந்தார்.

முதல் வளைவில் வீரணன் "ரெண்டு" என்றதும் அவள் போட்டாள். தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான்காவது வளைவில் "ஒண்ணு" என்றான். போட்டாள். ஏழாவது வளைவு வருவதற்குள் தலைவரின் கண் முழுக்க அவள் கையின் மேல் இருந்தது.

"மாப்ளே, பாத்தியா? இந்தப் புள்ள கையில என்ன பவரு! இத்தன நாளா இத தரம் பாக்காம விட்டுருக்கோமே. நாளைக்கே வாளிய எடு. வீரணன் நொட்டாங்கை, இவ சோத்தாங்கை. கோப்பை நமக்குத்தான்."

"காயெடுக்குற கைங்கய்யா அது" என்றான் வீரணன். "அவ பொழப்பு அதுலதான் ஓடுது. என் கையோட போகட்டும்."

"சோலிக்குப் போற நேரம் போக ஆடட்டும்ப்பா. பச்சை மட்டை ஒண்ணு குடுத்துருவோம்."

"அப்ப என் கை இன்னும் தரம் பாக்காத கையாங்கய்யா?" என்று கேட்டாள் அன்னக்கொடி.

"ஆமா ஆத்தா. நாளைக்குப் பாத்துருவோம்."

"தரம் பாக்காத எதுவும் கழகத்துச் சோலிக்கு ஆகாதாமே? அண்ணன் சொன்னாரு."

"தீர்மானம் பதினெட்டு" என்றார் பின்னாலிருந்து முனீஸ்வரன் பெருமையோடு.

"சரிங்கய்யா" என்று அன்னக்கொடி இரண்டு கைகளையும் முந்தானைக்குள் விட்டுக்கொண்டாள்.

எட்டாவது வளைவு. "ஒண்ணு" என்றான் வீரணன். எதுவும் நடக்கவில்லை. "ஒண்ணு, அன்னக்கொடி!" வண்டி இருமி, திணறி, வளைவின் நட்டநடுவில் நின்றது. வீரணன் பிரேக்கில் ஏறி நின்றான். இடது பக்கம் எட்டிப் பார்த்தால் முந்தல் சோதனைச் சாவடி தீப்பெட்டி அளவில் தெரிந்தது.

"என்ன ஆத்தா இது?" என்றார் தலைவர், குரல் கொஞ்சம் ஏறி.

"நீங்க கழகத்துச் சோலியாப் போறீக. சான்றிதழ் இல்லாத கைய வச்சு நான் எப்பிடிய்யா கியர் போடுறது? நாளைக்கு எதாச்சும் ஒண்ணுன்னா விதிய மீறிட்டான்னு சொல்லிருவீக."

தலைவர் தானே குனிந்து, அவளைத் தாண்டிக் கையை நீட்டி, கியர்க் கம்பியைப் பிடித்தார். தனக்குள்ள பவர் முழுவதையும் போட்டு இழுத்தார். ரிவர்சில் விழுந்தது. வண்டி ஒரு முழம் பின்னால் போய் நின்றது. ராஜ்கமல் தன் பெண்டாட்டி பெயரைச் சொல்லி அலறினார். கீழே ஒரு லாரி ஹாரன் அடிக்க ஆரம்பித்தது.

"அன்னக்கொடி, உனக்கு என்னதான் வேணும்?" என்றார் தலைவர்.

"எனக்கு என்னங்கய்யா வேணும்? விதிப்படி நடக்கணும். விதிய மாத்துனா மாத்துனபடி நடந்துக்குறேன்."

போடி வட்டார பேடல் மேம்பாட்டுக் கழகத்தின் அவசரக் கூட்டம் எட்டாவது கொண்டை ஊசி வளைவில் நடைபெற்றது. முனீஸ்வரன் மடியில் நோட்டை வைத்து எழுதினார். தீர்மானம் பதினெட்டு ரத்து. அவரவர் மட்டை அவரவர் விருப்பம். யார் கையையும் அவர் சம்மதம் இல்லாமல் தரம் பார்ப்பதில்லை. டாக்டர் சீட்டு செல்லும், வீரணனுக்கு ஆட்டத்திலிருந்து ஒரு மாத ஓய்வு, தோட்டத்து நடை அவனுக்கே. கடைசி வரியைச் சொன்னது அன்னக்கொடி. வந்திருந்த மூன்று நிர்வாகிகளும் கை தூக்கினார்கள். ராஜ்கமல் இரண்டு கையையும் தூக்கினார். தலைவர் கையெழுத்துப் போட்டார்.

"ஒண்ணு" என்றான் வீரணன். கியர் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கியது.

போடிமெட்டில் டீக்கு நிறுத்தினார்கள். மேகம் இறங்கிக் குளிர்ந்தது. சமதரையில் இரண்டு காலையும் ஊன்றி நின்று பாதி டம்ளர் டீ குடித்ததும் தலைவருக்குப் பழைய முகம் திரும்பியது. முனீஸ்வரன் அவர் காதருகே வந்தார். ஆனால் சட்டம் பேசும்போது மெதுவாகப் பேச அவருக்கு வராது.

"தலைவரே, விதி பதினாலு. ஏழு நாள் முன்னறிவிப்பு இல்லாமக் கூடுன கூட்டம் செல்லாது. அந்தத் தீர்மானம் வெறும் காயிதம்."

தலைவர் சிரித்தார். ராஜ்கமலும் சிரித்தார். வீரணன் கையிலிருந்த டம்ளரைப் பெஞ்சில் வைத்தான். ஒரு மாத ஓய்வு அரைமணி நேரத்தில் முடிந்துபோயிற்று என்று நினைத்தபோது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்னக்கொடி டீயை ஊதிக் குடித்துக்கொண்டே, "அதுக்கென்னங்கய்யா, விதின்னா விதிதான்" என்றாள். "இன்னும் மண் ரோடு கெடக்கு. சாயந்தரம் இந்தப் பதினேழுலயும் எறங்கணும். ஏறுறப்பயாச்சும் வண்டி நின்னுச்சு. எறங்குறப்ப கியர் விழுகலேன்னா நிக்காதுல்ல?"

தலைவர் ரோட்டின் ஓரம் வரை போய்க் கீழே பார்த்தார். பிறகு, அந்தத் தீர்மானத்தையே முறைப்படி மறுபடி நிறைவேற்ற, ஏழு நாள் முன்னறிவிப்பை ஏழு நிமிஷமாகக் குறைக்க விதியில் இடம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றார் முனீஸ்வரன்.